ஏழு நாக்கும் ஒரு காலி டேங்கும்

ஆயில் மில் வீதியை விட்டு நெருப்பு எழுந்து போன கதையை யாரைச் சொல்லச் சொன்னாலும், அவர்கள் நெருப்பிலிருந்து தொடங்க மாட்டார்கள், ராக்கியண்ணன் வாயிலிருந்துதான் தொடங்குவார்கள். அந்த வாய் மட்டும் அன்றைக்குச் சும்மா இருந்திருந்தால் நெருப்பும் தன் பாட்டுக்கு டீக்கடை அடுப்பிலும் கோயில் விளக்கிலும் வெல்டிங் ராடு முனையிலும் இருந்த இடத்திலேயே இருந்திருக்கும் என்பது அவர்கள் கட்சி.

நாமக்கல்லைத் தாண்டி, நெடுஞ்சாலையிலிருந்து ஒரு சின்னப் பாலத்தின் வழியாக உள்ளே இறங்கும் வீதி அது. லாரிக்குக் கூண்டு கட்டுகிறவர்கள், ஸ்பிரிங் பட்டை மாற்றுகிறவர்கள், பெயிண்ட் அடிக்கிறவர்கள் என்று இரண்டு பக்கமும் பட்டறைகள். நடுவில் ஒரு மாரியம்மன் கோயில், அதை ஒட்டி ஜமால் பாயின் டீக்கடை, கடைசியில் ராக்கியண்ணனின் வெல்டிங் பட்டறை. அந்தப் பட்டறையில் வேலை இரண்டாகப் பிரிந்திருந்தது: பேசுவது ராக்கியண்ணன், பற்றவைப்பது அவர் பெண்டாட்டி பாவாயி. மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காமல், மாட்டுச் சந்தையில் தரகர்களுக்குக் கயிறு பிடித்து நின்று, துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்துப் பார்த்தே எண்ணக் கற்றுக்கொண்டவர் ராக்கியண்ணன். தொழிலில் அவர் போட்ட முதலீடு கோபம்தான். ஒரு கத்துக் கத்தினால் எதிராளி பாதிக்கு இறங்குவான், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து நடந்தால் மீதிக்கும் இறங்கி வந்து பின்னால் கூப்பிடுவான். காய்க்காரியிடம் பேசுவார், பல் பிடுங்கும் டாக்டரிடம் பேசுவார், வேண்டிக்கொண்ட கிடாயைப் பேசிப் பேசிச் சேவலாகவும், சேவலைப் பேசித் தேங்காயாகவும் மாரியம்மனிடமே இறக்கியிருக்கிறார். அம்மன் பதில் ஒன்றும் சொல்லாததால் அவள் ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்.

அப்படிப்பட்டவரிடம்தான் லோகநாதன் ஒரு பழைய டீசல் டேங்கைக் கொண்டுவந்து இறக்கினான். லோகநாதன் சொந்த லாரியில் அஸ்ஸாம் வரைக்கும் முட்டை ஏற்றிப் போகிறவன். வழியில் அடிக்கடி பங்க்கில் நிற்காமல் போகப் பெரிய டேங்க் வேண்டும், அதனால் பழைய இரும்புக்கடையில் எடுத்த இந்த டேங்கின் ஒரு பக்கத்தை வெட்டி, இன்னொரு துண்டு சேர்த்து நீட்டி, உள்ளே டீசல் அலையடிக்காமல் தடுப்புத் தகடு வைத்து, தாங்குகால் அடித்துத் தர வேண்டும். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை லோடு. "வெள்ளிக்கெழம காத்தால உன்ற வண்டியில டேங்க் உக்காந்திருக்கும், இது ராக்கியண்ணன் வாய்ச்சொல்லு" என்று சொல்லிவிட்டார். அவர் விலையில் எத்தனை வேண்டுமானாலும் புரட்டுவார், சொன்ன நாளில் புரட்டினதில்லை. வீதியில் அவருக்கு இருந்த மரியாதை முழுவதும் அந்த ஒரே ஆணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

பாவாயி டேங்கைச் சுற்றி ஒரு தரம் நடந்தாள். மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள்.

"ஏனுங்க, இது காலி டேங்க்" என்றாள்.

"காலின்னா நல்லதுதானே? நெறஞ்ச டேங்க்லயா யாராச்சும் தீய வெப்பாங்க?"

"நெறஞ்சதைக்கூட நம்பலாமுங்க, காலியைத்தான் நம்ப முடியாது. எண்ணெய்தான் போயிருக்குது, எண்ணெயோட மூச்சு உள்ளயேதான் குந்தியிருக்குது. அது தீயக் கண்டுதுன்னா டேங்க் ஒரு பக்கம் போகும், நாம ஒரு பக்கம் போவோம். சுடுதண்ணியில சோப்புத்தூளப் போட்டு ஏழு தரம் அலசோணும். பொறவு பத்தவெக்கிற எடத்துக்குக் கீழ வரைக்கும் தண்ணி நெப்பி, மேல இருக்கற வாயெல்லாம் தொறந்து வெச்சுட்டுத்தான் நான் கிட்டப் போவேன்."

ராக்கியண்ணனுக்கு அந்தச் சொற்களில் ஒன்றே ஒன்றுதான் காதில் விழுந்தது.

"ஏழா? ரெண்டு."

"என்னது ரெண்டு?"

"ரெண்டு தரம் கழுவு, போதும். பெட்ரோல் டேங்க்னா ஏழு சொல்லு, ஒரு ஞாயம் இருக்குது. டீசலுக்கு எதுக்குடி ஏழு?"

"சூடு பட்டா டீசலும் ஆவிதானுங்க. இதென்ன கத்திரிக்காயா, கொறச்சுக் கேக்கறதுக்கு?"

"சரி, உனக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம். ரெண்டரை!"

"அரைத் தரம் எப்பிடிக் கழுவறதுன்னு நீங்களே கழுவிக் காட்டுங்க" என்று பாவாயி கையுறையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கோயில் பக்கம் போய் மற்றப் பெண்களோடு உட்கார்ந்துகொண்டாள்.

பெண்டாட்டி எழுந்து போனால் பின்னால் கூப்பிட வேண்டியவர் தான் என்றாகிவிடுமே என்ற ஆத்திரம் ராக்கியண்ணனுக்கு உச்சந்தலையில் ஏறியது. ஒரு வாளி பச்சைத்தண்ணீரை டேங்குக்குள் ஊற்றி, ஒரு குலுக்குக் குலுக்கிக் கவிழ்த்தார். வாயில் மூக்கை வைத்து மோந்து பார்த்தார். "வாசமே இல்ல!" என்று வீதிக்கே கேட்கச் சொன்னார். குதிரைமேல் ஏறுகிற மாதிரி டேங்க்மேல் ஏறி உட்கார்ந்து, முகமூடியை இறக்கி, ராடைத் தகட்டில் உரசினார்.

பொறி வரவில்லை. மெஷின் உறுமிக்கொண்டுதான் இருந்தது. ராடு தகட்டில் சோப்புக்கட்டியில் தேய்க்கிற மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. இன்னொரு தரம் உரசினார். அந்த நேரத்தில் ஜமால் பாயின் அடுப்பு தலையைக் குனிந்து அணைந்தது, கோயில் விளக்கு அணைந்தது, பெயிண்டர் வாயிலிருந்த பீடி அணைந்தது, வீதியின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரைக்கும் அடுப்பு அடுப்பாக, விளக்கு விளக்காக, காற்றும் இல்லாமல் புகையும் இல்லாமல் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டே வந்தது. பிறகு அவை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து, மரியாதை குறைந்த வீட்டிலிருந்து எழுந்து போகும் சம்பந்தி மாதிரி, சண்டை போடாமல், திரும்பிப் பார்க்காமல், மஞ்சள் சீலை தரையில் படாமல் பாலத்தைத் தாண்டி நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் போனதைக் கோயில் வாசலில் இருந்த பெண்கள் எல்லாருமே பார்த்தார்கள்.

"போயிருச்சு" என்றாள் ஒருத்தி.

"போகாம என்ன பண்ணும்? அதுக்கும் மானம் ரோசம் இல்லையா?" என்றாள் பாவாயி.

இதற்கு மேல் யாரும் ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. தண்ணீர் லாரி வராத வீதி, கரண்ட் நிற்கிற வீதி, சாக்கடை தோண்டிப் போட்ட வீதி என்று எத்தனையோ பார்த்தவர்கள், இது நெருப்பு இல்லாத வீதி என்று எடுத்துக்கொண்டு, அதற்குத் தகுந்த மாதிரி நடந்துகொள்ளத் தொடங்கிவிட்டார்கள். தீக்குச்சியைக் கிழித்தால் மருந்து கடுகு மாதிரி உதிர்ந்து விழுந்தது. கரண்ட் அடுப்பில் வைத்த தண்ணீர், குழந்தையைக் குளிப்பாட்டுகிற சூட்டுக்கு வந்து அதற்கு மேல் ஏற மாட்டேன் என்று நின்றுவிட்டது. பைக்கெல்லாம் பாலத்தில் இறங்கியதும் மூச்சை விட்டது, இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தார்கள், போகும்போது பாலம் வரைக்கும் தள்ளிக்கொண்டு போய் அங்கே உதைத்துக் கிளப்பினார்கள். லாரிகளையே தோள் கொடுத்துத் தள்ளியதில், மருந்து மாத்திரைக்கு அடங்காத தொப்பைகள் அடங்கின. ஜமால் பாய் அடுப்பைத் தூக்கிக்கொண்டு போய் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் புளியமரத்தடியில் வைத்து, அங்கே டீயும், வீதிக்குள் நன்னாரி சர்பத்தும் விற்றார். வீதியில் சமைக்க முடியாது என்று ஆனபிறகு அரிசியையும் பாத்திரத்தையும் தூக்கிக்கொண்டு புளியமரத்தடிக்குப் போய் வடித்து எடுத்து வருவது ஆண்கள் வேலையாயிற்று. சோறு குழைந்ததற்கும் குழம்பில் உப்பில்லாததற்கும் அந்த வீதியில் யாரும் பெண்களைப் பார்த்து முறைக்க முடியாத காலம் அது ஒன்றுதான். பெண்கள் சாயங்காலமெல்லாம் கோயில் வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து, நெருப்பு இன்னும் கொஞ்ச நாள் கழித்து வந்தாலும் ஒன்றும் குடி முழுகாது என்று பேசிக்கொண்டார்கள்.

கோயில் பூசாரி கற்பூரத்துக்குப் பதிலாகத் தட்டில் செல்போன் டார்ச்சைப் போட்டுக் காட்டினார். "சார்ஜ் கம்மியா இருக்குது, சட்டுனு கும்பிடுங்க" என்று அவசரப்படுத்தினார். ஜனங்களும் அந்த வெளிச்சத்தை இரண்டு கையாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அம்மனின் மூக்குத்தியில் இத்தனை கல் இருப்பது இப்போதுதான் தெரிகிறது என்றுகூடச் சிலர் சொன்னார்கள். சித்திரை வெயில் வீதிக்குள் நுழைந்ததும் மார்கழி வெயிலாக மாறிவிட, மற்ற வீதிக்காரர்கள் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்து மத்தியானத் தூக்கம் போட்டார்கள். பீடிக்காரர்கள் பற்றவைக்காத பீடியைக் காதில் சொருகிக்கொண்டு, பழக்கத்துக்கு அவ்வப்போது எடுத்து உறிஞ்சிவிட்டுத் திரும்பச் சொருகிக்கொண்டார்கள்.

டேங்கை வேறு பட்டறைக்குக் கொண்டுபோய் வைத்துவிடலாம் என்று லோகநாதனும் ராக்கியண்ணனும் ஒரு தள்ளுவண்டியில் ஏற்றிப் பார்த்தார்கள். வண்டி பாலத்தைத் தாண்டியதும் புளியமரத்தடி அடுப்பு அணைந்தது, அடுத்த வீதிப் பரோட்டாக் கடை அடுப்பு அணைந்தது, வண்டி போகப் போக நெருப்பு அதற்கு முன்னால் விலகி விலகிப் போனது; பாதிப் பரோட்டாவோடு நின்றவர்கள் கரண்டியைத் தூக்கிக்கொண்டு விரட்ட, டேங்க் வந்த வழியே வீடு வந்து சேர்ந்தது. நெருப்புக்குக் கோபம் வீதிமேல் இல்லை, டேங்க்மேல்தான் என்பது அப்போது எல்லாருக்கும் விளங்கிவிட்டது.

ராக்கியண்ணனுக்கு மட்டும் இன்னொன்றும் விளங்கியது. பரோட்டாக் கடைக்காரன் கெட்ட வார்த்தையில் திட்டியபோது, பதிலுக்குக் கத்த வாயைத் திறந்தார். வந்த சொல், "தப்புத்தானுங்க தம்பி" என்பது. நெஞ்சுக்குள் கையை விட்டுத் துழாவுகிற மாதிரித் துழாவிப் பார்த்தார், கோபம் இருந்த இடத்தில் குழந்தையைக் குளிப்பாட்டுகிற சூட்டில் ஏதோ வெதுவெதுப்பாக இருந்தது.

சேதி பரவியது. அவரிடம் பேச முப்பது வருஷமாகப் பயந்தவர்களெல்லாம் பட்டறைக்கு வந்து, கேட் அடிக்க என்ன, கம்பி வளைக்க என்ன என்று கேட்டு, தங்கள் வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள். "சரிங்க" என்றார் ராக்கியண்ணன். துண்டை உதறினார், எழுந்து நடந்தார், யாரும் பின்னால் கூப்பிடவில்லை, திரும்பி வந்து உட்கார்ந்து "சரிங்க" என்றார். லோகநாதன் வந்து பயந்தே போய்விட்டான்.

"ஏனுங்கண்ணா, வெள்ளிக்கெழம கிட்ட வந்துருச்சுன்னு நானும் ரெண்டு நாளாக் கத்தறேன், நீங்க திட்டவே மாட்டேங்கறீங்க? ஒடம்புக்கு ஏதாச்சும் ஆகிப்போச்சா?"

"உன்ற சங்கடம் எனக்குப் புரியுது லோகு."

"ஐயையோ, இப்பிடிப் பேசாதீங்கண்ணா. ஒரே ஒரு தரம் நாயேன்னு சொல்லுங்க, போதும்."

பாவாயி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. கோபம் இல்லாத இந்த மனுஷன், சொன்ன நாள் தவறிப்போனால், வீதியில் எதை வைத்துத் தலை நிமிர்ந்து நடப்பார் என்று அவளுக்கே கவலை வந்துவிட்டது. அவளாகவே, "ஏழு வேண்டாம், ஆறு தரம் கழுவலாமா?" என்று கேட்டுவிடுவோமோ என்று பயந்து உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

கோயில் வாசலில் வீதிக்காரர்கள் கூடிப் பேசியபோது, நெருப்பு ஏன் போனது என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. உறவுக்காரர் கோபித்துக்கொண்டு போனால் யாரால் போனாரோ அவரேதான் தாம்பாளத்தோடு போய் அழைக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். ஆகவே வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், பூ வைத்த தாம்பாளத்தை ராக்கியண்ணன் கையில் கொடுத்து, பாலம் வரைக்கும் கூட வந்து அனுப்பிவைத்தார்கள்.

"பேசறதப் பாத்துப் பேசுங்க. அது சந்தை மாடு இல்ல" என்றாள் பாவாயி.

புளியமரத்தடியில் ஜமால் பாயின் அடுப்பில், கூண்டு கட்டி மிஞ்சிய கட்டைகளின்மேல் நெருப்பு சௌக்கியமாக உட்கார்ந்திருந்தது. ராக்கியண்ணன் தாம்பாளத்தைக் கீழே வைத்தார். எதிரே குந்தினார். துண்டை எடுத்துக் கைமேல் போட்டார். பிறகு, இதன் விரலைத் துண்டுக்கு அடியில் பிடிக்க முடியாது என்று நினைவு வந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, வெறுங்கையை நீட்டி இரண்டு விரலைக் காட்டினார்.

நெருப்பு ஏழு நாக்கை நீட்டியது.

"பாய், பாத்தீங்களா? அதே ஏழு. பாவாயி முன்னாடியே வந்து பேசிட்டுப் போயிருக்கா."

"அவங்க எங்க வந்தாங்க? கணக்குத் தெரிஞ்சவங்களுக்கு ஒரே கணக்குத்தான் வரும்" என்றார் ஜமால் பாய், பாலை ஆற்றிக்கொண்டே.

ராக்கியண்ணன் இரண்டு விரலையே திரும்பக் காட்டினார். ஏழு நாக்கு. கத்திப் பார்க்கலாம் என்றால் கத்தல் வரவில்லை. எழுந்தார், துண்டை உதறினார், நெடுஞ்சாலை ஓரம் வரைக்கும் நடந்தார். முதுகையே காதாக வைத்துக்கொண்டு நின்றார். பின்னால் கட்டை வெடிக்கிற சத்தம்கூடக் கேட்கவில்லை. திரும்பி வந்து குந்தி, எப்படியும் ஆறில் வந்து நிற்கும், அங்கிருந்து நாலுக்கு இழுத்துவிடலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டு, மூன்று விரலைக் காட்டினார்.

நெருப்பில் நாலு நாக்கு உள்ளே போய்விட்டது. மூன்று நாக்கு, ஆடாமல் அசையாமல், மூன்று விரல் மாதிரியே நின்றது.

"அட! முடிஞ்சுபோச்சு பேரம்" என்றார் ஜமால் பாய். "ஒங்கள ஜெயிக்க ஆளில்லைங்க அண்ணே."

ராக்கியண்ணனுக்குத் தரையில் கால் பாவவில்லை. அம்மனுக்கு அடுத்தபடியாக அக்கினியிடமே பேசி இறக்கியாயிற்று என்று நெடுஞ்சாலையின் நடுப்பகுதி வரைக்கும் சிரித்துக்கொண்டே போனார். அங்கே நடுத்திட்டில் ஒரு லாரிக்காக நின்றபோது, சந்தையில் கயிறு பிடித்த காலத்திலிருந்து அவர் முதுகெலும்புக்குள் குடியிருந்த ஒன்று மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தது. ஏழிலிருந்து மூன்றுக்கு ஒரே தாவல். ஆறு இல்லை, ஐந்து இல்லை, முகத்தைச் சுளிக்கக்கூட இல்லை. எதிராளி இப்படிச் சட்டென்று தலையாட்டினால் அர்த்தம் என்ன? விற்கிற மாட்டுக்குப் பல் போயிருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். நஷ்டம் தனக்கில்லை என்று தெரிந்தவன்தான் அப்படித் தலையாட்டுவான். அப்படியானால் இந்த வியாபாரத்தில் நெருப்புக்கு என்ன நஷ்டம்? மூன்று தரம் கழுவினால் அது வரும். வந்து, உள்ளே மிச்சம் இருக்கிற மூச்சைப் பார்க்கும். பார்த்தபிறகு அது அதாகத்தான் இருக்கும். அதற்கு ஒரு காசு நஷ்டமில்லை. அப்புறம் நஷ்டம் யாருக்கு?

அவருக்கும் இல்லை. அவர் நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிறவர். டேங்க் வாய்க்கு நேராக முகத்தை வைத்துக் குனியப் போகிறவள் பாவாயி.

லாரி போய்விட்டது, பின்னால் இன்னும் நாலு லாரி போய்விட்டது, ராக்கியண்ணன் நடுத்திட்டிலேயே நின்றார். பிறகு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு புளியமரத்தடிக்கே ஓடினார்.

"வேண்டாம்! மூணு வேண்டாம்! ஏழே இருக்கட்டும்!"

மூன்று நாக்கு அசையவில்லை.

"ஏழுங்கறேன்!"

மூன்று.

"பாய், என்ன பாய் இது?"

"பேரம் முடிஞ்சா முடிஞ்சதுதானுங்களே அண்ணே? நீங்க எத்தனை பேருகிட்டச் சொல்லியிருக்கீங்க?"

"சரி, எட்டு!" என்றார் ராக்கியண்ணன். நெருப்பு மூன்றிலேயே நின்றது. "எட்டுக்கு மேல தண்ணியும் நெப்பித் தர்றேன். வாயெல்லாம் தொறந்து வெக்கறேன். ஒம்போது! நீ கொறைக்காத, நான் ஏத்தறேன், ஒரு பேச்சுக்கு நீயும் ஏறி வாயேன்!" சாலையில் பைக்கில் போன இரண்டு பேர் வண்டியை நிறுத்திப் பார்த்தார்கள், பிறந்ததிலிருந்து எதையும் ஏற்றிக் கேட்டறியாத மனுஷன், அடுப்பின் முன்னால் குந்திக்கொண்டு, தனக்கு எதிராகத் தானே விலை ஏற்றிக்கொண்டிருந்தார். "பத்து!" அதற்கு மேல் விரல் இல்லாமல் போக, இரண்டு கையையும் விரித்தபடி அப்படியே இறக்கினார்.

"எனக்கு எண்ணிக்கையே வேண்டாம். அவ போதும்னு சொல்ற வரைக்கும் கழுவறேன்" என்றார்.

நெருப்பு ஏழு நாக்கையும் நீட்டி ஒரு துள்ளுத் துள்ளியது. தாம்பாளத்திலிருந்த பூ ஒன்று கருகாமல் சுருண்டது. அழைப்பை வாங்கிக்கொண்டதற்கு அடையாளம் அது என்று ஜமால் பாய் பிறகு எல்லாரிடமும் சொன்னார்.

அன்றைக்கு வீதியே திரண்டு வந்தது. புளியமரத்தடியில் அண்டா அண்டாவாகத் தண்ணீர் கொதித்தது. தீர்த்தக்குடம் எடுக்கிற மாதிரி ஆண்களும் பெண்களும் வரிசையாகத் துண்டைச் சும்மாடு கூட்டிக் குடங்களைத் தலையில் ஏற்றி நெடுஞ்சாலையைத் தாண்டினார்கள். இத்தனை நாளும் பாலத்தில் இறங்கியதும் ஆறிப்போன சுடுதண்ணீர், அன்றைக்குப் பட்டறை வரைக்கும் ஆவி பறக்க வந்தது. யாரோ பம்பை அடித்தார்கள். பூசாரி வேப்பிலையோடு முன்னால் நடந்தார். சோப்புத்தூளைப் போட்டு, தண்ணீரை ஊற்றி, ராக்கியண்ணன் டேங்கைக் கட்டிப்பிடித்து உருட்டினார், குலுக்கினார், கவிழ்த்தார். முதலில் தாரைப் போலக் கருப்பாக வந்தது, பிறகு மயில்கழுத்து நிறத்தில் மினுமினுத்தது, பிறகு சாம்பலாக வந்தது.

"போதுமா?" என்றார், வழக்கம் விடாமல்.

பாவாயி டேங்கின் மூலையில் விரலால் தட்டிப் பார்த்தாள். "மடிப்புக்குள்ள இன்னும் குந்தியிருக்குது. இன்னொண்ணு."

வீதிக்காரர்கள் ஆரம்பத்தில் எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஏழில் கைதட்டினார்கள். அதற்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டார்கள். லோகநாதன் பொறுக்க மாட்டாமல், "ஏனுங்கக்கா, லோடு..." என்று இழுத்தான், ராக்கியண்ணன் திரும்பிப் பார்த்த பார்வையில் ஏதோ ஒரு சின்ன வெப்பம் இருந்தது, லோகநாதனுக்கு அதில் ஒரு நிம்மதி.

உள்ளே போன தண்ணீர் போன மாதிரியே தெளிவாக வெளியே வந்தபோது பாவாயி தலையாட்டினாள். டேங்கை நிமிர்த்தி வைத்து, பற்றவைக்கிற இடத்துக்கு ஒரு விரற்கடை கீழே வரைக்கும் தண்ணீர் நிரப்பினார்கள், மேலே இருந்த வாய்களையெல்லாம் திறந்துவிட்டார்கள். பாவாயி எல்லாரையும் தள்ளிப் போகச் சொன்னாள், வாய்க்கு நேரே நிற்காமல் ஒதுங்கி நின்றாள், முகமூடியை இறக்கினாள். ராக்கியண்ணனையும் போகச் சொன்னாள். அவர் போகவில்லை, அவளுக்குப் பின்னால் ஒரு வாளித் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாகப் பேசாமல் நின்றார்.

ராடு தகட்டைத் தொட்டது. பொறி பூத்தது. வீதி முழுக்க விளக்கு விளக்காக, அடுப்பு அடுப்பாக நெருப்பு வந்து அமர்ந்தது, காதில் சொருகியிருந்த பீடிகள் சுட்டு நாலைந்து பேர் குதித்தார்கள். அப்போது டேங்கின் திறந்த வாயிலிருந்து மல்லிகை மொட்டு அளவில் ஒரு நீலச் சுடர் எட்டிப் பார்த்தது. இடம் வலம் பார்த்தது. ராக்கியண்ணனைப் பார்த்தது. பிறகு அணைந்துவிட்டது. எத்தனையோ தரம் கழுவியபிறகும் எந்த மடிப்பிலோ மிஞ்சியிருந்த மூச்சு அவ்வளவுதான். மூன்றே தரம் கழுவியிருந்தால் அந்த மொட்டு எத்தனை பெரிதாக விரிந்திருக்கும் என்று அவர் உடம்பு அறிந்தது. கையிலிருந்த வாளி தானாக ஆடித் தண்ணீர் தளும்பியது.

பாவாயி முகமூடியைத் தூக்கினாள். "என்னங்க, கை நடுங்குது?"

"நடுங்குதா? யாருக்கு? எனக்கா?" என்றார் ராக்கியண்ணன்; சொல்லச் சொல்லக் குரல் ஏறியது, ஏறிய குரல் கூரைத் தகரத்தில் பட்டு அதிர்ந்தது. "இங்க என்ன கூத்தா நடக்குது, அவனவன் வாயப் பொளந்துட்டு நிக்கறீங்க? போங்கடா அவனவன் வேலையப் பாத்துட்டு! டேய் லோகு, நாயே, வண்டியக் கொண்டாந்து நிறுத்துடா!"

லோகநாதன் கண் கலங்கிவிட்டது. வீதியே கைதட்டியது. வெள்ளிக்கிழமை காலையில் டேங்க் லாரியில் உட்கார்ந்தது, முட்டை அஸ்ஸாமுக்குப் போனது, ஆண்கள் கரண்டியைப் பெண்களிடம் திரும்பக் கொடுக்கப் பார்த்ததில் வீட்டுக்கு வீடு கொஞ்ச நாள் சண்டை நடந்தது, அது தனிக் கதை.

இன்றைக்கும் ராக்கியண்ணன் பேசுகிறார், கத்துகிறார், துண்டை உதறி எழுந்து நடக்கிறார். பழைய டேங்க் ஏதாவது வந்து, வந்தவன் "எத்தனை தரம் கழுவோணும், கொறச்சுச் சொல்லுங்க" என்று கேட்டால் மட்டும், உள்ளே பாவாயி பக்கம் கை காட்டிவிட்டு வாயை மூடிக்கொள்வார். பீடி பற்றவைக்கத் தீக்குச்சியைக் கிழிக்கும்போது, வேறு யார் கையிலும் ஒற்றைச் சுடராக எரிகிற நெருப்பு, அவர் கையில் மட்டும் ஒரு கணம் மூன்று நாக்காகப் பிரிந்து, சம்மதமா என்று கேட்கிற மாதிரி நிற்கும். ராக்கியண்ணன் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "வேண்டாம் சாமி" என்று சின்னக் குரலில் சொல்லி, முகத்தைத் திருப்பிக்கொள்வார்.